சட்டைப் பையில் ஒரு சாட்சி!

செல்போனே கைவிலங்காக மாறும் நாட்டில், மனிதர்கள் தங்களைக் காத்துக்கொள்ளும் விதம்

ஒரு மனிதனைப் பற்றி அவன் தாய்க்குத் தெரியாத செய்தி உண்டு. மனைவிக்குத் தெரியாத செய்தியும் உண்டு. ஆனால், அவனுடைய செல்போனுக்குத் தெரியாத செய்தி இல்லை!

எங்கே போனான்? யாரோடு பேசினான்? நள்ளிரவில் யாருக்கு எழுதினான்? யாருடைய படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தான்? அத்தனையும் அதற்குத் தெரியும்.

பெரும்பாலானவர்கள் இதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. செல்போன் தொலைந்தால் பணம் போயிற்றே என்றுதான் வருந்துகிறோம்.

ஆனால் உலகத்தில் சில நாடுகள் இருக்கின்றன. அங்கே சிலருடைய சட்டைப் பையில் இருக்கும் செல்போன், தன் சொந்தக்காரருக்கு எதிராகவே கோர்ட்டில் சாட்சி சொல்கிறது. அந்தச் சாட்சியை நம்பி நீதிபதிகள் ஜெயில் தண்டனை கொடுக்கிறார்கள்.

அவர்கள் செய்த குற்றம் என்ன? திருடினார்களா? இல்லை. கொலை செய்தார்களா? அதுவும் இல்லை.

ஓர் ஆண் இன்னோர் ஆணை நேசித்தான். ஒரு பெண் இன்னொரு பெண்ணை நேசித்தாள். பிறந்தபோது ஆண் என்று எழுதப்பட்ட ஒருவர், தன்னைப் பெண்ணாக உணர்ந்து பெண்ணாக வாழ்ந்தார். அவ்வளவுதான்.

தன்பால் ஈர்ப்பாளர்கள், திருநங்கையர், திருநம்பியர் என்று நாம் இவர்களைக் குறிப்பிடுகிறோம். ஆணும் ஆணும் கொள்ளும் உறவைக் குற்றம் என்று சொல்லும் சட்டம் இன்றும் 60-க்கும் அதிகமான நாடுகளில் இருக்கிறது. பல நாடுகளில் பெண்களுக்கும் அதே சட்டம்தான்.

எகிப்து நாட்டில் நடந்ததைப் பார்த்தால், இந்த ஆபத்து எப்படிப்பட்டது என்பது விளங்கும். அதிலிருந்து தப்ப அவர்கள் கண்டுபிடித்த வழிகளும் விளங்கும்.

ராணிப் படகில் கைது

எகிப்து என்றதும் நமக்குப் பிரமிடு நினைவுக்கு வரும். நைல் நதி நினைவுக்கு வரும்.

அந்த நைல் நதியில், தலைநகரான கெய்ரோவில், மிதக்கும் கேளிக்கை விடுதி ஒன்று இருந்தது. அதன் பெயர் "குயின் போட்". ராணிப் படகு என்று பொருள்.

2001-ம் ஆண்டு மே மாதம் 11-ந் தேதி அதிகாலை. படகுக்குள் போலீசார் புகுந்தார்கள். அங்கே இருந்த ஆண்களைப் பிடித்தார்கள். வேறு இடங்களில் பிடிபட்டவர்களையும் சேர்த்து 52 பேர் மீது வழக்குப் போட்டார்கள்.

பத்திரிகைகளில் அவர்களின் பெயர்கள் வெளிவந்தன. கோர்ட்டுக்கு வந்தபோது பலர் துணியாலும் காகிதத்தாலும் முகத்தை மூடிக்கொண்டு வந்தார்கள். அந்தப் படம் உலகம் முழுவதும் பரவியது.

நவம்பர் மாதம் தீர்ப்பு வந்தது. 23 பேருக்குத் தண்டனை. 29 பேர் விடுதலை.

விடுதலை ஆனவர்கள் பழைய வாழ்க்கைக்குத் திரும்ப முடியுமா? பெயர்தான் ஊருக்கே தெரிந்துவிட்டதே!

அதன் பிறகு நாலு பேர் வெளிப்படையாகக் கூடிப் பேச அஞ்சினார்கள். எல்லோரும் வீட்டுக்குள் ஒடுங்கினார்கள். இன்டர்நெட் ஒன்றுதான் பாதுகாப்பான இடம் என்று எண்ணினார்கள்.

அங்கேயும் போலீசார் காத்துக்கொண்டு இருந்தார்கள்!

சட்டத்தில் ஒரு சொல்

இங்கே ஓர் ஆச்சரியம். "ஆணை ஆண் நேசிப்பது குற்றம்" என்று எகிப்தின் சட்டப் புத்தகத்தில் நேரடியாக எழுதி வைக்கவில்லை.

அப்படியானால் எப்படித் தண்டிக்கிறார்கள்?

1961-ம் ஆண்டில் விபசாரத்தை ஒழிப்பதற்காக ஒரு சட்டம் வந்தது. சட்ட எண் 10. அதில் "புஜூர்" என்று ஓர் அரபுச் சொல் இருக்கிறது. ஒழுக்கக் கேடு என்று அதற்குப் பொருள் சொல்லலாம். இந்த ஒழுக்கக் கேட்டை "வழக்கமாக" செய்கிறவருக்கு 3 மாதம் முதல் 3 ஆண்டு வரை ஜெயில்.

பணம் வாங்காமல், இருவரும் மனம் ஒப்பிச் சேர்ந்தாலும், ஆணுக்கும் ஆணுக்கும் உள்ள உறவு இந்தச் சொல்லுக்குள் அடங்கும் என்று 1975-ல் அந்த நாட்டின் மேல் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. அன்று முதல் அந்த ஒரு சொல்லே பெரிய வலை ஆகிவிட்டது.

"வழக்கமாக" என்ற சொல்லைக் கவனியுங்கள். ஒருமுறை நடந்தது என்றால் போதாது. பலமுறை நடந்தது என்று காட்ட வேண்டும். பூட்டிய அறைக்குள் நடப்பதற்கு யார் சாட்சி சொல்வார்கள்?

செல்போன் சொல்லும்! பழைய பேச்சு எல்லாம் அதில் தேதியோடு இருக்கிறது. பேசியவர்களின் பெயர் இருக்கிறது. படம் இருக்கிறது. போலீசார் தேடிய "வழக்கம்" அதிலேயே கிடைத்துவிடுகிறது.

2018-ல் இன்னொரு சட்டமும் வந்தது. இன்டர்நெட் குற்றங்களுக்கான சட்டம். எண் 175. எகிப்து சமூகத்தின் "குடும்ப மதிப்புகளை" இன்டர்நெட்டில் மீறினால் குறைந்தது 6 மாதம் ஜெயில், அல்லது 50 ஆயிரம் முதல் 1 லட்சம் எகிப்து பவுண்டு வரை அபராதம், அல்லது இரண்டுமே. குடும்ப மதிப்பு என்றால் என்ன? சட்டம் அதை விளக்கவில்லை. போலீசாரும் கோர்ட்டும் சொல்வதுதான் விளக்கம்.

நண்பன் வேடத்தில் போலீஸ்

போலீசார் எப்படிப் பிடிக்கிறார்கள்?

தன்பால் ஈர்ப்பாளர்கள் ஒருவரை ஒருவர் அறிந்துகொள்வதற்காகச் செல்போனில் சில செயலிகள் இருக்கின்றன. "கிரைண்டர்" என்பது அவற்றில் பெயர் பெற்றது. அதில் போலீஸ்காரர் ஒரு பொய்ப் பெயரில் நுழைகிறார். அழகான வாலிபர் ஒருவரின் படத்தை ஒட்டுகிறார். அன்பாகப் பேசுகிறார். நாட்கணக்கில் பேசுகிறார். பிறகு "நேரில் சந்திப்போமா?" என்று கேட்கிறார்.

சந்திக்கப் போனவர் வீடு திரும்புவதில்லை. அங்கேயே விலங்கு!

2023-ம் ஆண்டு ஜனவரியில் பி.பி.சி. நிறுவனத்தின் அரபுப் பிரிவு இதைப் பற்றித் துப்பறிந்து வெளியிட்டது. போலீசாரே எழுதிக் கோர்ட்டில் கொடுத்த ஆவணங்கள் அதன் கைக்குக் கிடைத்திருந்தன. அவற்றில் ஓர் உரையாடல் இருந்தது. செயலியில் பேசிய மனிதர், தாய் தந்தையோடு ஒரே வீட்டில் வசிப்பதாகச் சொல்லித் தயங்குகிறார். எதிர்ப்பக்கம் இருப்பவர் போலீஸ்காரர். அவர் விடவில்லை. வெட்கப்பட வேண்டாம், வெளி இடத்தில் சந்தித்துவிட்டுப் பிறகு என் வீட்டுக்குப் போகலாம் என்று ஆசை காட்டுகிறார்.

தயங்கியவரைத் தள்ளி விழவைத்துவிட்டு, விழுந்தது குற்றம் என்றால் என்ன நியாயம்?

அதே ஆண்டு பிப்ரவரியில் "ஹியூமன் ரைட்ஸ் வாட்ச்" என்ற மனித உரிமைச் சங்கம் ஓர் அறிக்கை வெளியிட்டது. எகிப்து, ஈராக், ஜோர்டான், லெபனான், துனிசியா ஆகிய 5 நாடுகளில் இந்தக் கொடுமைக்கு ஆளான 90 பேரிடம் அது விசாரித்து இருந்தது. கைதானவர்களின் செல்போன்களைப் போலீசார் சோதனை போட்டிருந்தார்கள். திறக்க மறுத்தவர்களுக்கு மிரட்டல், அடி உதை.

அந்த அறிக்கையில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. படித்தால் திடுக்கிடும். சிலருடைய செல்போனில் தேடியும் ஒன்றும் கிடைக்கவில்லை. உடனே போலீசாரே அந்தச் செல்போனில் செயலியை இறக்கினார்களாம்! படங்களை ஏற்றினார்களாம்! பொய்யான பேச்சுகளை உண்டாக்கினார்களாம்! சாட்சி வாய் திறக்கவில்லை என்றால், அதன் வாயில் சொல்லைத் திணித்துவிடுகிறார்கள்.

போலீசார் மட்டும் அல்ல. பணம் பறிக்கும் கும்பல்களும் இதே தந்திரத்தைச் செய்கின்றன. நேரில் வரவழைத்து அடிக்கிறார்கள். அதைப் படம் பிடிக்கிறார்கள். "பணம் கொடு. இல்லாவிட்டால் உன் வீட்டுக்கு அனுப்புவோம்" என்று மிரட்டுகிறார்கள். பறிகொடுத்தவர் போலீசுக்குப் போக முடியுமா? போனால் அவர்தான் குற்றவாளி!

மூன்று கயிறும் ஒரு வீடும்

பேசாமல் இருந்தால் பிடிபட மாட்டோம் என்று சிலர் நினைத்தார்கள். அதிலும் ஓர் ஓட்டை இருந்தது.

"இந்த நண்பர் உங்களிடம் இருந்து 300 மீட்டர் தூரத்தில் இருக்கிறார்" என்று செயலி காட்டும். தூரத்தை மட்டும்தான் காட்டும், திசையைக் காட்டாது. அதனால் என்ன கெடுதல் என்று தோன்றும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஊர் வரைபடத்தைத் தரையில் விரியுங்கள். நீங்கள் நிற்கும் இடத்தில் ஓர் ஆணி அடித்து, 300 மீட்டருக்கு ஏற்ற நீளத்தில் ஒரு கயிற்றைக் கட்டுங்கள். சுற்றி வட்டம் போடுங்கள். அந்த ஆள் அந்த வட்டத்தின் மேல் எங்கேயோ இருக்கிறார்.

இப்போது வேறு தெருவுக்குப் போங்கள். அங்கே செயலி வேறு தூரம் காட்டும். இரண்டாவது ஆணி, இரண்டாவது வட்டம். மூன்றாவது தெருவுக்குப் போய் மூன்றாவது வட்டம் போடுங்கள். மூன்று வட்டங்களும் ஒரே ஒரு புள்ளியில் வெட்டிக்கொள்ளும். அதுதான் அந்த ஆளின் வீடு!

இதற்காகத் தெருத்தெருவாக அலைய வேண்டியதுகூட இல்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடியே, "நான் அங்கே இருக்கிறேன், இங்கே இருக்கிறேன்" என்று செயலியை ஏமாற்றலாம்.

2014-ம் ஆண்டில் இந்த ஓட்டை உலகத்துக்குத் தெரிந்தது. எகிப்தில் கைது நடக்கும் செய்தியும் அதே சமயத்தில் வந்தது. அதன் பிறகு எகிப்து போன்ற நாடுகளில் தூரம் காட்டுவதைக் கிரைண்டர் நிறுத்தியது. "போலீசார் பொய்ப் பெயரில் வரக்கூடும், எச்சரிக்கை" என்று எகிப்தில் உள்ளவர்களுக்கு அறிவிப்பும் அனுப்பியது.

ஒரு கொடி, ஒரு படம், ஓர் உயிர்

2017-ம் ஆண்டு செப்டம்பர் 22-ந் தேதி கெய்ரோவில் ஒரு பாட்டுக் கச்சேரி நடந்தது. லெபனான் நாட்டின் "மஷ்ரூ லைலா" என்ற குழு பாடியது. கூட்டத்தில் சிலர் வானவில் கொடியைத் தூக்கிப் பிடித்தார்கள். தன்பால் ஈர்ப்பாளர்களின் கொடி அது.

கொடி பறந்தது சிறிது நேரம்தான். ஆனால் அதன் படங்கள் இன்டர்நெட்டில் ஓயாமல் பறந்தன. அடுத்த சில நாட்களில் பல பத்துப் பேர் கைது ஆனார்கள். கொடி பிடித்தவர்கள் மட்டும் அல்ல. செயலிகளில் வலை விரித்துப் பிடிக்கப்பட்டவர்களும் அதில் உண்டு.

கைதானவர்களில் ஒருவர் சாரா ஹெகாசி. அவர் மூன்று மாதம் சிறையில் இருந்தார். மின்சாரத்தால் சித்திரவதை செய்ததாகப் பின்பு அவரே எழுதினார். விடுதலைக்குப் பின் கனடா நாட்டுக்கு அகதியாகப் போனார். மனக்காயம் ஆறவில்லை. அவர் அங்கே இருந்தபோது ஊரில் தாய் இறந்துபோனார். போய்ப் பார்க்க வழி இல்லை. 2020-ம் ஆண்டு ஜூன் மாதம் சாரா தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 30.

ஒரு கொடியும் ஒரு படமும் ஓர் உயிரை எங்கே கொண்டுபோய் விட்டன, பாருங்கள்!

செல்போனைத் தூக்கி எறிந்தால் என்ன?

"இத்தனை ஆபத்து இருக்கிறதே! செல்போனைத் தூக்கி எறிந்துவிட்டுப் பேசாமல் இருக்கலாமே?" என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

சின்ன ஊரில் ஒரு வாலிபர் இருக்கிறார். தன்னைப் போல உலகத்தில் வேறு யாராவது இருக்கிறார்களா என்பதே அவருக்குத் தெரியாது. தாயிடம் சொல்ல முடியாது. நண்பனிடம் சொல்ல முடியாது. டாக்டரிடம் சொன்னால் டாக்டரே போலீசுக்குச் சொல்லிவிடுவாரோ என்று பயம். அவருக்கு ஒரே ஜன்னல் செல்போன்தான். "நீ தனி ஆள் இல்லை" என்று ஒரு குரல் அதன் வழியாகத்தான் வருகிறது. ஆபத்து நேர்ந்தால் வக்கீலைத் தேடுவதும் அதன் வழியாகத்தான்.

ஜன்னலை மூடிவிட்டால் திருடன் வர மாட்டான். காற்றும் வராது.

ஆகவே ஜன்னலை மூடாமல் கம்பி போட்டுக்கொள்ளும் வித்தையை அவர்கள் கற்றுக்கொண்டார்கள். பட்டு அறிந்த பாடங்கள் அவை.

அவர்கள் கற்ற பாடங்கள்

முதல் பாடம்: முகத்தைக் காட்டாதே. செயலியில் முகம் தெரியும் படம் வைப்பதில்லை. முகத்தை மறைத்தால் மட்டும் போதாது. பின்னால் தெரியும் ஜன்னல், தெருப்பலகை, வேலை செய்யும் இடத்தின் சட்டை எல்லாம் ஆளைக் காட்டிக்கொடுக்கும். எடுத்த இடத்தைப் படத்துக்குள்ளேயே எழுதி வைக்கும் வசதி செல்போனில் இருக்கிறது. அதையும் நிறுத்திவிடுகிறார்கள்.

இரண்டாவது: ஆளைத் தெரிந்துகொள். புது மனிதர் ஒருவர் அதிக அவசரப்பட்டால் சந்தேகப்படு. அந்தரங்கமான கேள்விகளையே திரும்பத் திரும்பக் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கப் பார்த்தால் விலகிப் போ. ஏற்கனவே அறிந்த நண்பர் யாராவது அவருக்கு நற்சாட்சி சொல்கிறாரா என்று பார்.

மூன்றாவது: சொல்லிவிட்டுப் போ. சந்திக்கப் போகும் முன் நம்பிக்கையான ஒருவரிடம் இடத்தையும் நேரத்தையும் சொல்கிறார்கள். "பத்து மணிக்கு நான் பேசாவிட்டால் வக்கீலிடம் சொல்" என்று ஏற்பாடு செய்கிறார்கள். வக்கீலின் நம்பரை மனப்பாடம் செய்துகொள்கிறார்கள். செல்போனைப் பறித்துக்கொண்டால், அதற்குள் இருக்கும் நம்பரால் என்ன பயன்?

நான்காவது: விரலை நம்பாதே. விரலை வைத்தால், முகத்தைக் காட்டினால் செல்போன் திறக்கும்படி வைப்பது சுலபம்தான். ஆனால் கையைப் பிடித்து இழுத்து விரலை அழுத்தினாலும் அது திறந்துவிடும்! நீளமான எண் பூட்டை அப்படித் திறக்க முடியாது. ஆனால் அடிக்கு முன்னால் அந்த எண்ணும் எத்தனை நேரம் நிற்கும்? அதனால்தான் ஐந்தாவது பாடம்.

ஐந்தாவது: இல்லாததை யாரும் எடுக்க முடியாது. குறித்த காலம் ஆனதும் தானே அழிந்துவிடும் கடிதங்கள் இப்போது உண்டு. "சிக்னல்" என்ற செயலியில் 2016 முதல் இந்த வசதி இருக்கிறது. வாட்ஸ்ஆப்பில் 2020-ல் வந்தது. பேசி முடித்ததும் பேச்சு மறைந்துவிட்டால், பூட்டை உடைத்தாலும் அறை காலி.

ஆறாவது: பரணையும் பார். செல்போனில் அழித்த பேச்சு, தொலைவில் உள்ள கம்ப்யூட்டரில் பிரதி எடுத்து வைக்கப்பட்டு இருக்கலாம். வீட்டுக் கம்ப்யூட்டரில் வாட்ஸ்ஆப் திறந்தபடி கிடக்கலாம். கூடத்தைப் பெருக்கிவிட்டுப் பரணில் குப்பையை விட்டுவைத்தால், சோதனைக்கு வருகிறவன் பரணில் ஏறமாட்டானா?

ஏழாவது பாடம் எல்லாவற்றையும் விட நுட்பமானது: வெறும் செல்போனும் சந்தேகத்துக்கு இடம் தரும்! ஒரு படம் இல்லை, ஒரு பேச்சு இல்லை, எல்லாம் துடைத்து வைத்தது போல இருந்தால், "எதை மறைக்கிறாய்?" என்று கேட்பார்கள். 2019-ம் ஆண்டு செப்டம்பரில் அரசாங்கத்தை எதிர்த்து ஊர்வலங்கள் நடந்தபோது, கெய்ரோ தெருக்களில் போகிறவர் வருகிறவரை எல்லாம் நிறுத்திப் போலீசார் செல்போனைத் திறந்து பார்த்தார்கள். ஆகவே அம்மா அனுப்பிய வாழ்த்து, கால்பந்துச் செய்தி, கல்யாண வீட்டுப் படம் எல்லாம் இருக்க வேண்டும். பிறருக்கு ஆபத்து உண்டாக்குவது மட்டும் இருக்கக்கூடாது.

பிறருக்கு ஆபத்து என்று சொன்னேன். அதுதான் முக்கியம். ஒரு செல்போன் பிடிபட்டால் ஒருவர் மட்டும் மாட்டுவதில்லை. அதில் உள்ள பெயர்கள் எல்லாம் மாட்டுகின்றன. நண்பர் கைதானார் என்று தெரிந்த உடனே, அவரைக் கூட்டுக் குழுக்களில் இருந்து நீக்கிவிடுகிறார்கள். கோபத்தால் அல்ல, காப்பாற்றுவதற்காக!

மூடிய கடிதமும் மறுமுனையும்

"சங்கேத மொழியில் போகும் கடிதத்தை யாரும் படிக்க முடியாதாமே?" என்று சிலர் கேட்பதுண்டு. உண்மைதான். சிக்னலிலும் வாட்ஸ்ஆப்பிலும் அனுப்பும் கடிதத்தை வழியில் யாரும் பிரித்துப் படிக்க முடியாது. அரக்கு முத்திரை வைத்த உறை போல அது போய்ச் சேரும்.

ஆனால் போய்ச் சேர்ந்த இடத்தில் உறையைப் பிரிப்பவர் யார்? அவரே வேடதாரி போலீசாக இருந்தால்? அவர் செல்போன் போலீஸ் கையில் இருந்தால்? படம் பிடித்து வைத்துக்கொண்டால்?

எகிப்து வழக்குகளில் பெரும்பாலும் யாரும் வழியில் ஒட்டுக்கேட்கவில்லை. பெரிய இயந்திரம் எதுவும் வைக்கவில்லை. ஒரு பொய்ப் பெயர்; ஒரு பறித்த செல்போன். இரண்டே ஆயுதம்! அதனால்தான் அங்கே உள்ளவர்கள் வழியைக் காப்பதைவிட இரு முனைகளைக் காப்பதில் அதிகக் கவனம் வைக்கிறார்கள்.

தெருவைக் கேட்டுத் திருத்தினார்கள்

செயலிகளைச் செய்கிற எஞ்சினீயர்கள் பெரும்பாலும் அமெரிக்காவில் இருக்கிறார்கள். கெய்ரோ தெருவில் போலீஸ்காரர் சட்டைப் பையில் கை விடும் காட்சி அவர்கள் மனத்தில் தோன்றாது. தூரத்தை மீட்டர் கணக்கில் காட்டியது அதனால்தான்.

"ஆர்டிக்கிள் 19" என்ற கருத்துரிமைச் சங்கம், ஆபத்தில் உள்ளவர்களையே கேட்டுவிட முடிவு செய்தது. அப்சானே ரிகோட் என்ற பெண் ஆராய்ச்சியாளர் இந்த வேலையில் முன் நின்றார். எகிப்து, லெபனான், ஈரான் நாடுகளில் உள்ளவர்களிடம் என்ன பயம், என்ன தேவை என்று விசாரித்து 2018-ல் அறிக்கை வெளியிட்டார்கள். செயலி நிறுவனங்களையும் அழைத்துப் பேசினார்கள்.

பலன் கிடைத்தது. செல்போனைத் திறந்ததும் கண்ணில் படும் செயலியின் சின்னத்தைக் கால்குலேட்டர் போலச் சாதாரணச் சின்னமாக மாற்றிக்கொள்ளும் வசதியைக் கிரைண்டர் கொடுத்தது. செயலிக்குத் தனிப் பூட்டு வந்தது. அனுப்பியதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் வசதியும் வந்தது.

இவை எல்லாம் எஞ்சினீயருக்குச் சின்ன வேலை. தெருவில் நிறுத்தப்பட்ட வாலிபருக்கோ அந்தச் சின்ன மாற்றம் மூன்று ஆண்டு ஜெயில்!

யாருக்கு ஆபத்து அதிகமோ அவரை முன்னால் வைத்துக் கருவியைச் செய்யுங்கள். எல்லோருக்கும் அது பாதுகாப்பாக அமையும் என்பது ரிகோட் சொல்லும் கருத்து. படிக்கட்டுப் பக்கத்தில் சாய்தளம் போடுகிறோம். சக்கர நாற்காலிக்காகத்தான் போடுகிறோம். ஆனால் பாட்டியும் அதில் ஏறுகிறாள். கைக்குழந்தைக்காரியும் ஏறுகிறாள் அல்லவா? அது போலத்தான்.

நம் வீட்டுக்கு என்ன பாடம்?

இந்தியாவில் இந்தச் சட்டம் இப்போது இல்லை. வெள்ளைக்காரன் காலத்து 377-வது பிரிவு, மனம் ஒப்பிய வயது வந்தவர்களுக்குப் பொருந்தாது என்று 2018-ம் ஆண்டு செப்டம்பர் 6-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. ஆனால் தமிழர்கள் வாழும் இலங்கையிலும் மலேசியாவிலும் வெள்ளைக்காரன் விட்டுச் சென்ற அந்தச் சட்டம் இன்னும் புத்தகத்தில் இருக்கிறது. வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போகும் நம் பிள்ளைகளுக்கும் அங்கே உள்ள சட்டம்தான். நம் ஊர்ச் சட்டத்தை விமானத்தில் கூட எடுத்துப் போக முடியாது.

சட்டம் போன பிறகும் இந்தியாவில் ஒன்று போகவில்லை. செயலியில் பொய்ப் பெயரில் பழகி, வரவழைத்து அடித்துப் பணம் பறிக்கும் கும்பல்கள் இங்கேயும் பிடிபட்டு இருக்கின்றன.

சட்டமே இல்லாத நாட்டில், எந்தத் தைரியத்தில் அவர்கள் மிரட்டுகிறார்கள்? "உன் வீட்டில் சொல்லிவிடுவேன்" என்ற ஒரே வார்த்தைதான் அவர்கள் மூலதனம்.

கெய்ரோவில் தாய் தந்தையோடு வசிப்பதாகச் சொல்லித் தயங்கிய அந்த மனிதரை நினைத்துப் பாருங்கள். அவர் போலீசை நினைத்துத் தயங்கவில்லை. எதிரே இருப்பவர் போலீஸ் என்றே அவருக்குத் தெரியாது. வீட்டை நினைத்துத்தான் தயங்கினார்.

எண் பூட்டு, மறையும் கடிதம், மாறும் சின்னம் எல்லாம் நல்லவைதான். எகிப்தில் அவை உயிர் காக்கின்றன. அங்கே சட்டம் மாறும் வரை அவை வேண்டும். போலீஸ்காரரிடம் இருந்து காக்கும் பூட்டைக் கம்பெனி செய்து கொடுக்கும். மிரட்டுகிறவனிடம் இருந்து காக்கும் பூட்டை எந்தக் கம்பெனியும் செய்ய முடியாது. அதைப் பெற்றோர்தான் செய்ய வேண்டும்.

"என்ன நடந்தாலும் முதலில் எங்களிடம் வந்து சொல். அடிக்க மாட்டோம், விரட்ட மாட்டோம்" என்று பெற்ற பிள்ளையிடம் ஒருமுறை வாய் திறந்து சொல்லிவிடுங்கள். அதற்குப் பிறகு எவனாவது படத்தைக் காட்டி மிரட்டினால், பிள்ளை நேராக உங்களிடம்தான் வருவான். நீங்கள் அவனை அழைத்துக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகலாம். நம் நாட்டில் அந்த வாசல் திறந்து இருக்கிறது.

கெய்ரோவில் உள்ள தாய் தந்தைக்கு அந்த வாசல் இன்னும் திறக்கவில்லை.